பழைய காரும் அதன் நிறமும்



பனிக்காலம் வருமுன் காருக்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்டால் எல்லோரும் ரயரைத்தான் சொல்வார்கள். நான் இன்றைக்குப் பெயின்றைப் பற்றிச் சொல்லப்போகிறேன். ரொறன்ரோ வீதிகளில் கொட்டுகிற உப்புக்கு, சல்லிக்கல் பட்டுப் பெயின்ற் உரிந்த மிளகளவு இடம் போதும். பனி கரைந்தபின் பார்த்தால் அங்கே கறள் பிடித்திருக்கும். பக்கத்துப் பெயின்றுக்கு அடியாலும் ஊர்ந்திருக்கும்.

முதலில் நிற இலக்கத்தைத் தேடுங்கள். ரொயோட்டா என்றால் பெரும்பாலும் சாரதி பக்கக் கதவைத் திறந்ததும் தெரிகிற தகட்டில், 'சி/ரிஆர்' என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் இருக்கும். 040 என்றால் சுப்பர் வைற் 2. ஹொண்டாவின் என்எச்578 என்பது ரஃபெற்றா வைற். இரண்டும் வெள்ளைதான், ஆனால் ஒன்றுக்கு மற்றது பொருந்தாது. "வெள்ளைக் கார்தானே, ஒரு வெள்ளை தாங்கோ" என்று கடையில் கேட்டால் காசுதான் வீண்.

இலக்கம் சொல்வது, கார் தொழிற்சாலையை விட்டு வந்த நாளின் நிறத்தை. பதினைந்து வருடம் வெயிலில் நின்ற காரின் நிறம் வேறு. சிவப்புக் கார் வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பெற்றோல் மூடியின் உட்புறத்தையும் வெளிப்புறத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள், விளங்கும். ஆகவே வாங்கிய பெயின்றை நேரே காரில் பூசாதீர்கள். போத்தலை நன்றாகக் குலுக்கி, ஒரு வெள்ளை அட்டையில் பூசிக் காயவிட்டு, மேலே கிளியர் கோட்டும் போட்டு, கழுவிப் பொலிஷ் பண்ணிய காரோடு பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். நிலக்கீழ்த் தரிப்பிடத்து விளக்கை நம்பவேண்டாம். ஒத்துவராவிட்டால், நிறம் கலந்து கொடுக்கும் கடைக்குக் காரையே கொண்டுபோங்கள். கருவியால் அளந்து கலந்து தருவார்கள். வெள்ளி நிறமென்றால் தூரிகையால் பூசிய இடம் எப்படியும் சற்று வேறாகத் தெரியும். கறளைவிட அது பரவாயில்லை.

பூசுகிற இடத்தைக் கழுவி, மெழுகு போக அல்கஹோலால் துடையுங்கள். கறளை வெறும் இரும்பு மினுங்கும்வரை சுரண்டவேண்டும். பிறகு பிறைமர், நிறம், கிளியர் கோட். தொழிற்சாலைப் பெயின்ற் முழுவதும் சேர்ந்தே ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர்தான், ஆகவே மெல்லிசாகப் பலமுறை பூசுங்கள். குளிரில் ஒழுங்காகக் காயாது, செப்ரெம்பரிலேயே முடித்துவிடுங்கள்.

பெயின்ற் கொப்புளித்திருந்தால் கதை வேறு. கறள் பெரும்பாலும் உள்ளிருந்து வருகிறது. திருப்புளியால் அழுத்த உள்ளே போனால் அது தகடு வெட்டி ஒட்டுகிற வேலை. அதைப் பசையால் நிரப்பி, நிறம் பூசி விற்பவர்களும் இருக்கிறார்கள். புதிதாக வந்து முதல் கார் வாங்குகிறவர்கள் ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். சில்லுக்கு மேலேயும் கதவுகளுக்குக் கீழேயும் வைத்துப் பாருங்கள். இரும்பில் ஒட்டும், தடித்த பசையில் ஒட்டாது. பம்பரில் ஒட்டவில்லை என்று சண்டைக்குப் போகாதீர்கள், அது பிளாஸ்ரிக்.