கொல்லிமலை வீட்டு முற்றம்: பிள்ளைகளுக்குக் காட்டப்படாத விசுவாசம்

 

வழக்கு அவையோர் பலருக்கும் தெரிந்ததுதான். கிறிஸ்தவக் கல்வியில் ஒரு சாரார், பிள்ளைகளின் விசுவாசம் பாடத்திட்டத்தால் வளர்கிறது என்பார்கள்: ஞாயிறு பள்ளி, மனப்பாட வசனம், விடுமுறை வேதாகமப் பள்ளி, ஆண்டுத் தேர்வு. மற்றொரு சாரார் பெற்றோரின் முன்மாதிரிதான் எல்லாம் என்பார்கள். ஆனால் அந்த முன்மாதிரியையும் பாடமாக்கிவிட்டார்கள். பிள்ளை பார்க்கும்படி ஜெபியுங்கள், பிள்ளையின் கையால் காணிக்கை போடவையுங்கள், பிறந்தநாளன்று முதியோர் இல்லத்துக்கு அழைத்துப் போய்ச் சாப்பாடு பரிமாறவையுங்கள் என்று பட்டியல் நீள்கிறது. இந்த உரையின் சண்டை இரண்டாம் சாராரோடு. காட்டுவதற்காகச் செய்வதைப் பிள்ளைகள் சீக்கிரமே கண்டுகொள்வார்கள். அவர்கள் மனதில் தங்குவது, யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல் பெரியவர்கள் செய்கிற வேலை.

சாட்சிக்குக் கொல்லிமலை. ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்டும் ஈவ்லினும் 1913இல் சேந்தமங்கலத்தில் திருமணம் முடித்து மலையேறினார்கள். ஜெஸ்ஸி முறைப்படி பட்டம் பெற்ற டாக்டர் அல்ல. கட்டடத் தொழில் தெரிந்தவர், கொஞ்சம் வெப்பமண்டல மருத்துவம் படித்தவர். மகன் பால் 1914இல் பிறந்தான். மருந்துக்கு வருகிறவர்களுக்கு வீட்டு முற்றமே ஆஸ்பத்திரி.

பாலுக்கு ஏழு வயதிருக்கும். தொழுநோய் கண்ட மூன்று பேர் முற்றத்துக்கு வந்தார்கள். பிள்ளைகளை வீட்டுக்குள் போகச் சொல்லிவிட்டார்கள். பிறகு ஜெஸ்ஸி, வழக்கமாகப் போடாத கையுறையைப் போட்டுக்கொண்டு அவர்களுடைய கால் புண்களைக் கழுவி, மருந்து தடவி, கட்டுப் போட்டார். ஈவ்லின் ஒரு கூடையில் பழம் வைத்துக் கொடுத்தார். அவர்கள் கூடையை விட்டுவிட்டுப் போனதும் பிள்ளை ஒன்று அதை எடுக்க ஓடியது. தொடாதே என்று தாய் தடுத்தார். கூடை நெருப்புக்குப் போயிற்று.

முன்மாதிரிப் பாடம் எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் பேனாவை வைத்துவிடுவது நல்லது. அந்த முற்றத்தில் எது முன்மாதிரி? புண்ணைக் கழுவிய கையா, கூடையை எரித்த அச்சமா? உள்ளே போகச் சொல்லியும் பையன் இரண்டையும் பார்த்தான். யாரும் அவனுக்காக எதையும் வடிகட்டவில்லை. அவனைப் பார்க்கவைக்கும் எண்ணம்கூடப் பெற்றோருக்கு இல்லை.

விளைவும் சீராக வரவில்லை. சீழையும் இரத்தத்தையும் பார்த்த பால், டாக்டர் தொழிலே வேண்டாம் என்று வளர்ந்தார். 1923இல், ஒன்பது வயதில், படிப்புக்காக இங்கிலாந்தில் விடப்பட்ட பிறகு அவர் தகப்பனை மறுபடி பார்க்கவில்லை. கடிதங்கள் வந்தன, மலையின் மரங்களும் உயிர்களும் அவற்றில் நிறைந்திருந்தன. 1929 ஜூனில் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். இறப்புச் செய்தி தந்தியில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு, கப்பலில் வந்துகொண்டிருந்த தகப்பனின் கடிதம் மகன் கைக்குக் கிடைத்தது.

பால் முதலில் கற்றது தச்சும் கொத்து வேலையும்தான். மருத்துவத்துக்கு அதன்பின்தான் திரும்பினார். 1946இல் வேலூர் வந்து, செங்கல்பட்டில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைக் கண்டு, தசைநார்களை இடம் மாற்றித் தைத்து அந்த விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையில் முன்னோடியானார். குணமானவர்களுக்குத் தொழில் கற்றுத்தர வேலூரில் உருவான மறுவாழ்வு மையத்தில் அந்தத் தச்சு வேலையும் கைகொடுத்தது. கூடையை எரித்த அச்சம் அதற்குள் எங்கே போயிற்று என்று கேட்டால், செங்கல்பட்டில் அந்தக் கைகளைத் தொட்டுப் பிடித்துப் பார்த்த மணிநேரங்களில்தான் தேடவேண்டும்.

தாயின் கதை இன்னும் அடங்காதது. மிஷன் ஓய்வுபெறச் சொன்ன வயதில் ஈவ்லின் ஓய்வு பெற்றார். பெற்ற கையோடு சொந்தப் பொறுப்பில் மலைக்குத் திரும்பிவிட்டார். கொல்லிமலையோடு நிற்காமல் பச்சைமலை, கல்வராயன் என்று மலை மலையாகப் போனார். இடுப்பு முறிந்த பிறகும் இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றிக்கொண்டு நடந்தார். வேண்டாம் என்று கெஞ்சியவர்களில் டாக்டர் மகனும் ஒருவர். 1974இல், 95 வயதில் இறந்தார். பிள்ளை பார்க்கவேண்டும் என்பதற்காக எந்தத் தாயும் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கமாட்டாள்.

எதிர்வாதத்துக்கு ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா வெஸ்லியைக் கொண்டுவருவார்கள். வாரத்தில் ஒரு மாலைப் பொழுதை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒதுக்கிய தாய் அவர், ஜானுக்கு வியாழக்கிழமை. உண்மைதான். ஆனால் அது பிள்ளையோடு உட்கார்ந்து பேசியது, பிள்ளைக்கு நடித்துக்காட்டியது அல்ல. உபாகமம் 6ஆம் அதிகாரமும் வீட்டில் இருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் பேசச் சொல்கிறது. தீமோத்தேயுவின் பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள் ஆகியோரின் விசுவாசத்தைப் பவுல் குறிப்பிடுகிறார். அந்த வீட்டில் அன்றாடம் என்ன நடந்தது என்று அந்த இடத்தில் ஒரு சொல்லும் இல்லை. அந்த வெற்றிடத்தை வைத்துக் கட்டிய பிரசங்கங்கள் ஏராளம்.

நேரம் குறைவு. மேல் ஆய்வுக்குச் சில வேலைகள் மட்டும். மிஷனெரிப் பிள்ளைகளின் கடிதங்களைத் தேடித் தொகுக்கலாம். கொல்லிமலைக் குடும்பங்களில் ஈவ்லினைப் பார்த்தவர்களின் நினைவுகளை, சொல்ல ஆள் இருக்கும்போதே பதிவு செய்யவேண்டும். மிஷன் வீடுகளில் சமைத்தவர்களும் ஆயாக்களும் கண்டது என்ன என்பது தனி ஆய்வு. இதே போன்ற வீடுகளில் வளர்ந்து சபையை விட்டுப் போன பிள்ளைகளையும் சேர்க்கவேண்டும். அவர்களை விட்டுவிட்டு எடுக்கும் எந்தக் கணக்கும், இந்த உரையின் கணக்கு உட்பட, பாதிக் கணக்குத்தான்.