ஆட்டமும் ஆவேசமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



ஆண்டு விழாவிலே பேச வருகிறவர்கள் கல்வியைப் பற்றியோ ஒழுக்கத்தைப் பற்றியோ பேசிவிட்டுப் போவதுதான் வழக்கம். இம்முறை நமது செயலாளர் வீட்டுக்கு வந்து, “ஐயா, விளையாட்டைப் பற்றிப் பேசுங்கள், ஆனால் விளையாடுகிறவர்களைப் பற்றியல்ல, பார்க்கிறவர்களைப் பற்றிப் பேசுங்கள்” என்று கேட்டுக்கொண்டார். ஏன் அப்படிக் கேட்டார் என்பது பின்வாங்கில் இருக்கும் சிலருக்கு நன்றாகத் தெரியும். சென்ற சுற்றுப்போட்டியின் இறுதியாட்டத்தில் நடந்ததை நான் இங்கே கிளறப் போவதில்லை. மத்தியஸ்தருடைய நெற்றிக் காயம் ஆறிவிட்டது என்று அறிகிறேன். அந்த அளவில் அதை விட்டுவிடுகிறேன்.

மைதானத்தில் கல்லெறிவது இக்காலத்துப் பிள்ளைகளின் கெடுதி என்று பெரியோர்கள் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரியன்று. கி.பி. 59-ம் ஆண்டிலே இத்தாலி தேசத்துப் பொம்பேயி நகரத்து அரங்கில் வாள்வீரர் சண்டை நடந்துகொண்டிருந்தபோது, உள்ளூராரும் அயலூராகிய நூக்கேரியாக்காரரும் முதலில் வாயால் ஏசிக்கொண்டார்கள். பிறகு கல்லால் எறிந்தார்கள். பிறகு ஆயுதம் எடுத்தார்கள். அயலூர்க்காரர் பலர் மாண்டார்கள். ரோமாபுரி ஆட்சி மன்றம் விசாரித்து, அந்த நகரத்தில் 10 ஆண்டுகளுக்கு அத்தகைய காட்சிகள் கூடாது என்று தடை விதித்தது. ஆக, மைதானத்தைப் பூட்டிவைக்கும் தண்டனைக்கும் வயது ஏறத்தாழ இரண்டாயிரம்.

அதிலும் பெரியது கொன்ஸ்தாந்திநோப்பிள் நகரத்தில் 532-ம் ஆண்டு தை மாதத்தில் நடந்தது. அங்கே தேரோட்டப் பந்தயத்துக்கு நீலக் கட்சி, பச்சைக் கட்சி என்று இரண்டு பெரும் அபிமானக் கூட்டங்கள் இருந்தன. கொலைக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட இருந்தவர்களில் நீலக் கட்சிக்காரன் ஒருவனும் பச்சைக் கட்சிக்காரன் ஒருவனும் தூக்குமரம் முறிந்ததால் தப்பி, தேவாலயம் ஒன்றில் அடைக்கலம் புகுந்தார்கள். அவர்களை மன்னிக்கும்படி கேட்டு, அதுவரை ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்த இரு கட்சியாரும் ஒன்றானார்கள். தேரோட்டிகளை உற்சாகப்படுத்தக் கூவும் “நீக்கா”, அதாவது “வெற்றி கொள்” என்ற கூச்சல், அன்று யஸ்தினியன் சக்கரவர்த்திக்கு எதிராக எழுந்தது. நகரத்தில் பெரும் பகுதி எரிந்தது. சக்கரவர்த்தி ஓடிப்போக ஆயத்தமானபோது அவருடைய பட்டத்தரசி தெயோடோராவே தடுத்து நிறுத்தினார் என்று புரோகோப்பியஸ் என்னும் அக்காலத்துச் சரித்திரக்காரர் எழுதுகிறார். கடைசியில் சேனைகள் பந்தயக் களத்துக்குள் புகுந்தன. அங்கே செத்தவர்கள் 30,000 பேர் என்பது அவர் கணக்கு. பந்தயம் பார்க்கப் போன இடத்திலே, இளைஞர்களே!

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தச் சனங்களுக்குச் சக்கரவர்த்தியின் முகத்தைப் பார்த்துத் தங்கள் குறையைச் சொல்ல இருந்த இடம் அந்தக் களம் ஒன்றுதான். வரிப்பாரமும் அதிகாரிகளின் கொடுமையும் மனத்தில் கிடந்தன. தேரோட்டம் அதற்கு வாசல் திறந்துவிட்டது. பிற்காலத்துச் சம்பவங்கள் பலவற்றிலும் இதையே காண்கிறேன். கனடா தேசத்து மொன்றியல் நகரத்தில், பனிக்கட்டி ஹொக்கி வீரர் மொறிஸ் றிஷார் ஆட்ட மத்தியஸ்தர்களில் ஒருவரைத் தாக்கியதற்காக, அந்தப் பருவத்தில் மிகுதி ஆட்டங்கள் எதிலும் ஆடக் கூடாதென்று லீக் தலைவர் தடை விதித்தார். 1955-ம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி அத்தலைவரே ஆட்டம் பார்க்க வந்து அமர்ந்தபோது தக்காளியும் முட்டையும் பறந்தன. கண்ணீர்ப் புகைக் குண்டு வெடித்தது. சனங்கள் வீதியில் இறங்கிக் கடைகளை உடைத்தார்கள். றிஷார் பிரெஞ்சு மொழி பேசுபவர்; தலைவர் ஆங்கிலம் பேசுபவர். தங்கள் சொந்த நகரத்திலே தாங்கள் கீழாக நடத்தப்படுகிறோம் என்று பிரெஞ்சுக்காரர் நெடுங்காலம் அடக்கிவைத்திருந்த மனக்கொதிப்பு அன்றிரவு வெளிவந்தது. ஆனால் மறுநாள் நடந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். தண்டிக்கப்பட்ட அந்த றிஷாரே வானொலியில் பேசி, தமக்காகக் குழப்பம் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஊர் அடங்கியது.

மத்திய அமெரிக்காவில் எல்சல்வடோரும் ஹொண்டுராசும் 1969-ல் உதைபந்தாட்டத்துக்காகப் போர் செய்தன என்று பலரும் வேடிக்கையாகச் சொல்வார்கள். உலகக் கிண்ணத் தகுதியாட்டங்களில் அடிதடி நடந்தது மெய். அடுத்த மாதம் நூறு மணி நேரப் போர் மூண்டதும் மெய். ஆனால் ஹொண்டுராசில் குடியேறி உழுதுகொண்டிருந்த எல்சல்வடோர்க் குடியானவர்களின் காணித் தகராறுதான் அதன் வேர். பந்து பாவம், அதன்மேல் பழி.

இனி, பழி யார்மேல் என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 1964-ம் ஆண்டு மே 24-ந் தேதி பெரு தேசத்து லீமா நகரத்தில் பெருவும் ஆர்ஜென்ரீனாவும் ஒலிம்பிக் தகுதியாட்டம் ஆடின. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது பெரு போட்ட கோலை மத்தியஸ்தர் செல்லாதென்றார். ஒருவன் மைதானத்துக்குள் ஓடினான். பின்னர் இன்னொருவன் ஓடினான். அவர்களைப் பொலிசார் பிடித்து அடித்த விதத்தைக் கண்டு சனங்கள் கொதித்தார்கள். பொலிசார் சனங்கள் இருந்த படிக்கட்டுகளை நோக்கிக் கண்ணீர்ப் புகை அடித்தார்கள். புகைக்குப் பயந்து ஆயிரக்கணக்கானோர் வெளியேறும் படிகளில் இறங்கி ஓடினார்கள். கீழே இரும்புக் கதவுகள் மூடிக் கிடந்தன. முன்னே போனவர்களுக்குத் திரும்ப வழியில்லை. பின்னே வந்தவர்களுக்குக் கதவு மூடியிருப்பது தெரியாது. அரசாங்கக் கணக்கின்படி இறந்தவர்கள் 328 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் மூச்சடைத்துச் செத்தார்கள்.

அது பழைய கதை என்று இருந்துவிட முடியவில்லை. 2022-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி இந்தோனேசியாவில் மலாங் நகரத்துக் கஞ்சுருகான் மைதானத்தில், உள்ளூர் அரேமா அணி சுரபாயா நகரத்துப் பெர்செபாயா அணியிடம் 3க்கு 2 என்று தோற்றது. எதிரணியின் ஆதரவாளர்களை அன்று உள்ளே விடவேயில்லை. ஆகவே இரு பகுதிச் சண்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. தோல்வி தாளாத சிலர் மைதானத்துக்குள் இறங்கினார்கள். பொலிசார் அவர்களை மட்டுமன்றி, ஆசனங்களில் இருந்தவர்களை நோக்கியும் கண்ணீர்ப் புகை அடித்தார்கள். உலக உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் பாதுகாப்பு விதிகளில் மைதானத்துள் கண்ணீர்ப் புகை கூடாது என்று எழுதியிருக்கிறது. ஒடுங்கிய வாசல்களில் சனங்கள் நெரிந்தார்கள். 135 பேர் மாண்டார்கள். அவர்களிலே பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இருந்தார்கள். லீமாவுக்கும் மலாங்குக்கும் இடையே 58 ஆண்டுகள். கதவும் அதே கதவு, புகையும் அதே புகை.

இங்கிலாந்துக்காரருடைய கதையில் இரண்டு பக்கமும் இருக்கிறது. 1985-ம் ஆண்டு மே 29-ந் தேதி பெல்ஜியத்துப் பிறசல்ஸ் நகரத்தில், ஹெய்சல் மைதானத்தில், ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம். லிவர்ப்பூல் அணியின் ஆதரவாளர்கள் பலவீனமான வேலியைத் தாண்டி, இத்தாலியர் நின்ற பகுதிமேல் பாய்ந்தார்கள். ஒதுங்கியவர்கள் ஒரு மதிலோரத்தில் நெரிந்தார்கள், மதில் சரிந்தது. 39 பேர் இறந்தார்கள். இதில் ஆதரவாளர் குற்றத்தை மூட முடியாது. 14 பேர் பின்னர் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார்கள். ஆங்கில அணிகளை 5 ஆண்டுகள் ஐரோப்பியப் போட்டிகளில் சேர்க்கவில்லை. லிவர்ப்பூலுக்கு ஓராண்டு கூட. பிணங்களை எடுத்துச் சென்ற அன்றிரவே அந்த ஆட்டத்தை ஆடியும் முடித்தார்கள் என்பது எனக்கு இன்னும் சீரணிக்கவில்லை.

நாலு ஆண்டு கழித்து, 1989-ம் ஆண்டு ஏப்பிரல் 15-ந் தேதி, ஷெபீல்ட் நகரத்து ஹில்ஸ்பறோ மைதானத்தில் அதே லிவர்ப்பூல் ஆதரவாளர்கள் நெரிந்து செத்தார்கள். பொலிசார் ஒரு பெரிய வாசலைத் திறந்து, முன்னமே நிறைந்திருந்த அடைப்புக்குள் சனங்களை விட்டுவிட்டார்கள். ஆனால் குடிகாரக் காடையர்கள் தாங்களே தங்கள் சாவைத் தேடிக்கொண்டார்கள் என்று பொலிசார் சொன்னார்கள், பத்திரிகையிலும் வந்தது, ஊரும் நம்பியது. ஹெய்சல் பெயர் ஏற்கெனவே ஒட்டியிருந்ததல்லவா? 27 ஆண்டுகள் இறந்தவர்களின் தாய் தந்தையர் வழக்காடினார்கள். 2016-ல்தான் ஜூரிமார் அவை சட்டவிரோதமாக நேர்ந்த மரணங்கள் என்றும், பார்க்க வந்தவர்கள்மேல் குற்றமில்லை என்றும் தீர்ப்புச் சொன்னார்கள். இறந்தோர் தொகை இப்பொழுது 97. ஒரு முறை காடையர் என்று பெயரெடுத்தால், நாளைக்கு நாம் நெரிந்து கிடக்கும்போதும் உலகம் நம்மைத்தான் குற்றஞ் சொல்லும். இதை இளைஞர்கள் யோசிக்க வேண்டும். பெரியோர்கள் யோசிக்க வேண்டியது வேறு: காவற்காரரைப் போலவே கூட்டமும் மனிதர்தான். 2004-ல் போர்த்துக்கல் தேசத்தில் ஐரோப்பியக் கிண்ணம் நடந்தபோது, நகரப் பொலிசார் தலைக்கவசமும் கேடயமும் இல்லாமல், சாதாரண உடுப்பில் இரண்டிரண்டு பேராக இரசிகர்களுக்குள் நடந்து, பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் நடந்த நகரங்கள் பெரும்பாலும் அமைதியாக இருந்தன. அந்த முறையைக் கைக்கொள்ளாத வேறொரு காவற்படையின் பொறுப்பிலிருந்த கடற்கரை ஊராகிய அல்புபெய்ராவில்தான் கலகம் நடந்தது.

நமக்கு அண்மையில் வருவோம். 1996-ம் ஆண்டு மார்ச் 13-ந் தேதி கல்கத்தாவில் நடந்த கிறிக்கெற் அரையிறுதியாட்டம் இங்குள்ள பெரியோர்களுக்கு ஞாபகமிருக்கும். இலங்கை 251 ஓட்டம். இந்தியா ஒரு விக்கெற்றுக்கு 98 என்று நல்லாய் நின்றது. ரெண்டுல்கர் போனதும் சரிந்து 8 விக்கெற்றுக்கு 120. போத்தல்கள் பறந்தன, ஆசனங்களில் தீ மூண்டது. மேலதிகாரியாக இருந்த கிளைவ் லொயிட் ஆட்டத்தை நிறுத்தி, இலங்கைக்கு வெற்றி கொடுத்தார். நம்மவர்கள் வென்றார்கள்தான், ஆனால் கடைசி இரண்டு விக்கெற்றையும் விழுத்தி வெல்லும் சந்தோஷத்தை அந்தப் போத்தல்கள் பறித்துவிட்டன. எதிரணியில் கண்ணீரோடு வெளியேறிய காம்ப்ளியின் முகத்தைப் படத்தில் பார்த்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

மூன்று ஆண்டு சென்றபின், 1999-ம் ஆண்டு சனவரி 31-ந் தேதி, சென்னைச் சேப்பாக்கத்தில் பாகிஸ்தான் ஆடியது. இரு தேசங்களுக்கும் உள்ள பகையை நான் சொல்ல வேண்டியதில்லை. ரெண்டுல்கர் முதுகு நோவோடு 136 ஓட்டம் எடுத்தும் இந்தியா 12 ஓட்டத்தால் தோற்றது. மைதானத்தில் சற்று நேரம் சத்தமேயில்லை. பிறகு சனங்கள் எழுந்து நின்றார்கள், கை தட்டினார்கள். பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த மாதம் அதே பாகிஸ்தான் கல்கத்தாவில் ஆடியபோது குழப்பம் மூண்டு, பார்வையாளர் அனைவரையும் வெளியேற்றி, வெறும் ஆசனங்களுக்கு முன்னால் ஆட்டத்தை முடிக்க வேண்டி வந்தது. சென்னையார் நல்லவர், கல்கத்தாவார் கெட்டவர் என்று இதற்குக் கருத்தன்று. கல்கத்தாவார் ஆட்டத்தில் உயிரை வைத்தவர்கள். 1980-ம் ஆண்டு ஆகஸ்து 16-ந் தேதி அங்கே ஈஸ்ற் பெங்கால், மோகன் பகான் ஆட்டத்தில் 16 பேர் இறந்தார்கள். அந்த நாளை அவர்கள் இன்றுவரை உதைபந்தாட்டப் பிரியர் நாளாக நினைவுகூர்ந்து வருகிறார்கள்.

கனடாவின் வன்கூவர் நகரத்தில் 2011-ம் ஆண்டு யூன் 15-ந் தேதி ஹொக்கிக் கிண்ணத்தை இழந்த இரவில் கார்களைக் கொளுத்திக் கடைகளைச் சூறையாடினார்கள். எரிகிற காருக்கு முன்னால் நின்று தங்களைத் தாங்களே படம் எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. அந்தப் படங்களைக் கொண்டே பொலிசார் சுமார் 300 பேர்மீது வழக்கு வைத்தார்கள். விடிந்ததும் நகரத்துச் சனங்கள் தும்புத்தடிகளோடு வந்து வீதியைக் கூட்டினார்கள். யப்பானியரோ விடியும் வரையும் பொறுப்பதில்லை. 2018-ல் ருசியாவில் பெல்ஜியத்திடம் கடைசி நிமிடத்தில் தோற்று, அழுத கண்ணோடு தாங்கள் இருந்த ஆசனங்களின் குப்பையைப் பொறுக்கிப் பையில் போட்டுவிட்டுத்தான் வெளியேறினார்கள்.

இவ்வளவும் அயல் தேசத்துக் கதை. என் கதை ஒன்றும் உண்டு. இதுவரை எந்தச் சபையிலும் சொன்னதில்லை. எனக்கு 19 வயது. அயலூரோடு இறுதியாட்டம். நமக்கெதிராக ஒரு பெனல்ற்றி கொடுத்தார்கள். வேலியில் கதியால் பிடுங்கிக்கொண்டு ஓடியவர்களில் நானும் ஒருவன். யாரை அடிக்க ஓடினேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எல்லோரும் ஓடினார்கள், நானும் ஓடினேன். வாசலில் கச்சான் விற்றுக்கொண்டிருந்த ஆச்சியின் கடகத்தில் இடறி விழுந்தேன். கச்சான் எல்லாம் மண்ணில். எனக்குப் பின்னால் ஓடிவந்தவர்கள் அவவையும் மிதித்துக்கொண்டு போனார்கள். அவவின் கை முறிந்தது. கிடந்தபடியே என்னைப் பார்த்து, “தம்பி, நீ வாத்தியாற்றை பேரனெல்லே?” என்று கேட்டா. அவ்வளவுதான் கேட்டா. நான் கதியாலைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவிட்டேன். பொலிஸ் விசாரணைக்கு வந்தபோது ஆச்சி ஒருவர் பெயரையும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு ஆட்டத்துக்கு அவ வரவுமில்லை. ஒரு கொத்துக் கச்சானின் விலையையாவது கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். நான் கொடுக்கவில்லை.

நமது அடுத்த சுற்றுப்போட்டிக்கு இன்னும் ஆறு கிழமை இருக்கிறது. மைதானத்துக்கு இரண்டு வாசல். மேற்கு வாசல் எப்போதும் பூட்டியே கிடக்கிறது. அதன் திறப்பு யாரிடம் இருக்கிறதென்று இன்று காலை மூன்று பேரிடம் கேட்டேன். மூவரும் ஒருவர் மற்றவரைக் காட்டினார்கள். கூட்டம் முடிந்ததும் பின்வாங்கில் இருக்கும் தம்பிமார் நாலு பேர் என்னோடு வந்தால், திறப்பைத் தேடுவோம். அகப்படாவிட்டால் பூட்டை உடைப்போம்.