வீட்டு ஸ்பீக்கருக்கு எந்த வயர்?

 

வயரைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று உங்களிற் சிலர் முறுவலிக்கலாம். ஆயின், முதற் சம்பளத்தையோ சீட்டுப் பணத்தையோ கொண்டு ஓர் அம்பிளிபயரும் இரண்டு ஸ்பீக்கர்களும் வாங்கிய வாலிபனுக்கு, கையில் எஞ்சியிருக்கும் சில ஆயிரம் ரூபாவை எப்படிச் செலவிடுவது என்பது சிறிய விஷயமன்று. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் டொலரொன்று ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதை நாம் யாவரும் அனுபவித்தோம். இறக்குமதிப் பொருளொன்றில் ஏமாறுவது எமக்குக் கட்டுப்படியாகாது.

ஒலியைக் கணக்கிட்டு ஆராய்வது இப்பகுதிக்குப் புதிதுமன்று. 1892இல் காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள், எம்மைப் போலவே மிஷன் பாடசாலையிற் பயின்றவர், விஞ்ஞானமும் கற்றவர். 1947இல் வெளிவந்த 'யாழ் நூலில்' நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள தொடர்பை எண்களால் நிறுவினார். இங்கே நாம் செய்யப்போவது அதனிலும் மிக எளிய கணக்கு.

ஜெர்மனிய ஆசிரியர் ஓம் 1827இல் வெளியிட்ட விதியை நாம் எல்லோரும் வகுப்பிற் படித்திருக்கிறோம். கம்பி நீண்டால் தடை கூடும். பருத்தால் தடை குறையும். ஒரு சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டுள்ள செப்புக் கம்பியில் ஒரு மீற்றருக்கு ஏறக்குறைய 0.017 ஓம் தடை உண்டு. ஸ்பீக்கரின் பின்புறத்தில் 8 ஓம் அல்லது 4 ஓம் என்று எழுதியிருக்கும். வயரின் தடை அந்த எண்ணில் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டாதிருந்தாற் போதும் என்பது வழக்கமான அளவு.

எங்கள் வீடுகளின் மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். அம்பிளிபயர் ஒரு மூலையில். வயர் சுவரோரமாய்ச் சென்று கதவு நிலைக்கு மேலாக ஏறி இறங்கி, மறுமூலையிலுள்ள ஸ்பீக்கரை அடைய 8 மீற்றர். மின்னோட்டம் போய்த் திரும்பவேண்டுமாகையால் 16 மீற்றர் என்று கணக்கிடவேண்டும். 0.5 சதுர மில்லிமீற்றர் வயரில் தடை 0.55 ஓம், 8 ஓம் ஸ்பீக்கருக்கு இது நூற்றுக்கு ஏழு, சற்று மெல்லியது. 0.75 வயர் என்றால் 0.37 ஓம், 8 ஓமுக்குச் சரி. 4 ஓம் ஸ்பீக்கராயின் 1.5 வேண்டும். அதற்குமேற் பருத்த வயர் இந்த அறைக்குத் தேவையில்லை. அந்தப் பணத்தை நல்ல ஸ்பீக்கருக்கு ஒதுக்குவதே புத்தி.

இங்கே ஒரு சந்தேகம் எழும். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோவில் உற்சவத்திலும், பள்ளிவாசல்களிலும், கம்பத்துக்குக் கம்பம் மெல்லிய வயர் இழுத்துத்தானே 'ஹோர்ன்' கட்டுகிறார்கள். அது கணீரென்று கேட்கிறதே! அத்தகைய தூர அமைப்புகள் பெரும்பாலும் 100 வோல்ற்று முறையில் வேலை செய்பவை. 10 வாற்று சக்தியை 100 வோல்ற்றில் அனுப்பினால் ஓட்டம் 0.1 அம்பியர் மாத்திரமே. அதே 10 வாற்று 8 ஓம் வீட்டு ஸ்பீக்கருக்குப் போகும்போது ஓட்டம் 1.1 அம்பியர். வயரில் வீணாகும் சக்தி ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாதலால், அது நூறு மடங்குக்கு மேல் கூடிவிடும். ஹோர்ன் கட்டுபவர் தம் தொழிலைச் சரியாகவே செய்கிறார். ஆனால் அவர் வயர் எமக்கு அளவுகோலாகாது.

மறுபுறத்தில், விரல் பருமனுள்ள விலையுயர்ந்த வயரை விற்பவர்களும் உளர். 1970களின் இறுதியில் அமெரிக்காவில் 'மொன்ஸ்ரர்' என்ற பெயரில் இந்த வியாபாரம் பெருகிற்று. 1983இல் 'ஸ்ரீரியோ ரிவியூ' என்னும் சஞ்சிகை, எந்த வயர் என்று சொல்லாமலே கேட்பவர்களைக் கொண்டு பரீட்சித்தது. சங்கீதத்தைக் கேட்டபோது, அவர்களால் அதனையும் சாதாரண மேசைவிளக்கு வயரையும் நிச்சயமாகப் பிரித்தறிய முடியவில்லை.

இனி, எம்மூர் வாலிபர் உண்மையில் ஏமாறும் இடத்துக்கு வருவோம். செப்பு என்று விற்கப்படும் மலிவான வயர்களிற் பல, செப்புப் பூசிய அலுமினியம். மேலே தங்கம் போல் மின்னும், உள்ளே வெள்ளை. அதன் தடை செப்பினும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. மேற்சொன்ன 16 மீற்றருக்கு 1.5 வயர் இவ்வகையாயின், 4 ஓம் ஸ்பீக்கருக்கு நூற்றுக்கு ஏழு ஆகிவிடும். சில வயர்களில் உறை மாத்திரம் தடிப்பு. உள்ளிருக்கும் இழைகள் எண்ணக்கூடிய அளவே. மருதமுனை நெசவாளர் நூலைப் பிரித்துப் பார்க்காமல் வாங்குவாரா? நாமும் ஒரு முனையைச் சீவிக் காட்டும்படி கடைக்காரரைக் கேட்கவேண்டும். ஓர் இழையைக் கத்தியாற் சுரண்டினால், சிவப்புக்கு அடியில் வெள்ளை தோன்றினால் அது அலுமினியம். வெளியே வெள்ளையாகவும் உள்ளே சிவப்பாகவும் இருந்தால் ஈயம் பூசிய நல்ல செப்பு. அதனை வேண்டாமென்று தள்ளிவிடாதீர்கள்! சுருளைக் கையில் தூக்கியும் பார்க்கலாம். செப்பின் கனத்தில் பாதிகூட இராது.

பூசிய வயரே வாங்க நேர்ந்தால் (விலை மிகக் குறைவென்றால் அதிலும் குற்றமில்லை) ஒரு படி பருத்ததாக வாங்கவேண்டும். ஆயினும் எமது கரையோரத்து உப்புக்காற்றை நினைவிற் கொள்க. வெட்டிய முனையில் செப்பும் அலுமினியமும் ஈரத்தோடு சேரும்போது அலுமினியம் அரித்துப் பொடியாகும். செப்பும் பச்சை பிடிக்கும். ஆனால் ஓர் அங்குலம் வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவிக்கொள்ளலாம்.

இன்னொன்றை உரத்துச் சொல்லவேண்டும். வீட்டு மின்சாரத்துக்கென விற்கப்படும் 1.5 செப்பு நெகிழ்வயரை ஸ்பீக்கருக்குத் தாராளமாகப் பாவிக்கலாம். ஸ்பீக்கருக்கென விற்கும் கண்ணாடி வயரை, மிச்சம் இருக்கிறதே என்று பிளக் மாட்டி மின்விசிறிக்கோ மேசைவிளக்கிற்கோ இழுக்கவே கூடாது. அதன் உறை 230 வோல்ற்றைத் தாங்குவதற்கென்று செய்யப்பட்டதன்று. அலுமினிய இழையாயின் இணைப்பில் சூடேறும் அபாயமும் உண்டு. சிறுபிள்ளைகள் தவழும் மண்டபத்தில் இது விளையாட்டன்று.

பூட்டும்போது அம்பிளிபயரை நிறுத்திவிட்டு, இழைகளை நன்றாக முறுக்கி, ஓர் இழையேனும் பக்கத்து முனையைத் தொடாதவாறு செருகவேண்டும். தொட்டால் அம்பிளிபயரே எரியக்கூடும். இரட்டை வயரில் ஒன்றில் கோடோ நிறமோ இருக்கும். கோடுள்ளதை இரு பக்கத்திலும் சிவப்பு முனைக்கே கொடுங்கள். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிப்போனால் மிருதங்கத்தின் தொப்பி ஒலி மெலிந்து, பாடகரின் குரல் நடுவில் நில்லாமல் அறையெங்கும் சிதறியதுபோற் கேட்கும். அப்போது புது வயர் வாங்க ஓடவேண்டாம். அந்த ஸ்பீக்கரின் இரு முனைகளையும் மாற்றிப் பூட்டினாற் போதும்.