பருமனான பிள்ளையும் பொறுமையும்



உடல் பருத்த பிள்ளையைச் சோம்பேறி, பெருந்தீனிக்காரன், மந்தம் என்றழைக்கும் வழக்கம் நம் பழங்காநத்தத்திலும் உண்டு. மந்தம் என்னும் சொல்லை நம் முன்னோர் பள்ளிக்கூட வாயிலிலேயே கேட்டவர்கள். அதே சொல்லை இன்று நம் வீட்டிலிருந்தே நம் பிள்ளைமீது வீசலாமா?

ஆசையை அடக்குதல், சொன்னதை நினைவில் நிறுத்துதல், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மனத்தைத் திருப்புதல் ஆகியவற்றைச் செயலாட்சித் திறன் என்கின்றனர். இதில் பெரும்பங்கு வகிக்கும் மூளையின் முன்பகுதி, இருபது வயதைக் கடந்தே முழுமையாக முதிர்கிறது. பருமனான பிள்ளைகளிடம் இத்திறன் சராசரியாகச் சற்றுக் குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. எது காரணம், எது விளைவு என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. சராசரியைக் கொண்டு ஒரு தனிப் பிள்ளையை அளக்கவும் இயலாது. உறக்கக் குறைவு ஒன்றே பசியையும் கூட்டும், அடக்கத்தையும் குலைக்கும். ஓரறை வீட்டில் நள்ளிரவுவரை தொலைக்காட்சி ஓடினால் பிள்ளை எங்ஙனம் உறங்கும்?

அமெரிக்காவில் வால்டர் மிஷெல் என்னும் உளநூலார் சிறு பிள்ளைகள்முன் ஓர் இனிப்பை வைத்து, சிறிது நேரம் பொறுத்தால் இரண்டாகத் தருவதாகச் சொன்னார். பொறுத்த பிள்ளைகள் முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் உடல் எடையிலும் ஓரளவு கட்டுப்பாட்டோடு இருந்ததாக 2013-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இதைமட்டும் படிப்பவர், பொறுமை பிறவிக்குணம் என்று முடிவுகட்டி விடுவர். அதே ஆண்டில் வெளிவந்த இன்னோர் ஆய்வு எனக்குப் பெரிதாகப்படுகிறது. முதலில் சொன்ன சொல்லைக் காப்பாற்றியவரிடம் பிள்ளைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தனர். சொல் தவறியவரிடம் மூன்றே நிமிடம்.

நம் இல்லங்களில் வேண்டுமென்று எவரும் சொல் தவறுவதில்லை. நாளை வாங்கித் தருகிறேன் என்ற தந்தைக்கு மறுநாள் கூலி கிடைப்பதில்லை. ஆகவே, கிடைத்தபோதே தின்றுவிடுவது அப்பிள்ளையின் குணக்கேடன்று. பட்டறிந்து போட்ட கணக்கு. ஐந்து ரூபாய்ப் பொட்டலம் எப்போதும் கடையில் தொங்குகிறது. பழமோ கைக்கு எட்டுவதில்லை.

காமராசர் காலத்து மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும், 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையிலேயே தொடங்கப்பட்ட காலை உணவும் வயிற்றை மட்டும் நிரப்பவில்லை. சொன்ன வேளையில் சொன்னது வரும் என்ற உறுதியையும் பிள்ளைக்குத் தருகின்றன.

சங்கத்தாரிடம் எனக்கொரு விண்ணப்பம் உண்டு. மாலைப் படிப்பகத்தில் முதல் அரைமணி நேரத்தை ஓடியாடும் விளையாட்டுக்கு ஒதுக்குங்கள். பருத்த பிள்ளையையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு சுண்டல் கொடுங்கள். தருவதாகச் சொன்ன நாளில் தவறாமல் கொடுங்கள்.