அழைத்த குரலும் நடந்த வழியும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு நன்றி வழிபாட்டில் ஆற்றிய உரை)



எமது சங்கம் நூறு ஆண்டுகளை நிறைவுசெய்யும் இவ்வேளையில் ‘அழைப்பு’ என்ற பொருளில் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். பாடசாலை நாட்களில் காலை வழிபாட்டிலே இச்சொல்லைப் பலமுறை கேட்டிருக்கிறோம். அழைப்பு என்றால் திருப்பணிக்கோ மிஷன் ஊழியத்துக்கோ போவது என்றே நம்மிற் பலர் விளங்கிக்கொண்டோம். சிலருக்கு அழைப்பு, மற்றவர்களுக்கு உத்தியோகமும் குடும்பமும். இந்தப் பிரிவினை சரிதானா?

உடுவிலில் பணிசெய்த எலைசா அக்னியூ அம்மையாரை எடுத்துக்கொள்வோம். 1807 இல் நியூயோர்க்கில் பிறந்தவர். எட்டு வயதில், புவியியல் பாடவேளையில், தேசப்படத்திலுள்ள ஒரு தீவைக் காட்டி, அங்கேதான் மிஷனரி ஹரியட் நியுவெல் மரித்தார் என்று சொல்லப்பட்டபோது, தாமும் மிஷனரியாவதென்று தீர்மானித்தார். ஆனால் அவர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது 1840 இல். இடையிலே ஏறக்குறையக் கால் நூற்றாண்டு. பெற்றோருக்கு அவர் தேவைப்பட்டார். அவர்கள் மறைந்த பின்னரே கப்பலேறினார். பின்னர் 1879 வரை உடுவில் பாடசாலையைப் பொறுப்பாக நடத்தினார். முதல் மாணவிகளின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும்கூடக் கற்பித்தார். 1883 இல் மானிப்பாயில் கண்மூடும்வரை ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பவில்லை. ‘ஆயிரம் பெண்பிள்ளைகளின் தாய்’ என்று அவரைச் சொல்வார்கள்.

உடுவிலில் அவர் வாழ்ந்த ஆண்டுகளையே நாம் அழைப்பு என்கிறோம். பெற்றோரோடு இருந்த ஆண்டுகள் என்ன? அவை வீணாகக் காத்திருந்த காலமா? கடவுள் அவரை அங்கேயும் ஒரு மகளாக அழைத்திருந்தார் என்றே நாம் நம்புகிறோம். இன்று நம்மிடையே முதிய தாயைப் பராமரிப்பதற்காகப் பதவி உயர்வை விட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அழைப்பைத் தள்ளிவைத்தவர்கள் அல்லர்.

இன்னொருவர், கனடாவிலிருந்து 1896 இல் வந்த மருத்துவர் மேரி இரத்தினம் அம்மையார். யாழ்ப்பாணத்தில் மிஷன் மருத்துவப் பணிக்கென்று வந்தவர். தமிழர் ஒருவரை மணந்தமையால் மிஷன் அவரை ஏற்றுக்கொள்ளவில்லை. வந்த காரியமே இல்லாமற் போயிற்று. ஆயினும் அவர் திரும்பிப் போகவில்லை. கொழும்பில் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1909 இல் தமிழ் மகளிர் சங்கத்தையும், பின்னர் கிராமத்துப் பெண்களுக்காக லங்கா மகிளா சமிதியையும் தொடங்குவதில் முன்னின்றார். 1937 இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவானார். 1958 இல் மக்சேசே விருது அவரைத் தேடி வந்தது. ஒரு வாசல் மூடியபோது, அழைத்தவரும் போய்விட்டார் என்று அவர் எண்ணவில்லை.

இதை இங்கே சொல்வதற்குக் காரணமுண்டு. நம்மிற் பலருக்கு வாழ்க்கை நாம் தெரிந்தெடுத்த ஒன்றல்ல. நமக்கு நேர்ந்த ஒன்று. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து நடந்தவர்களிலே பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த பிள்ளைகளும் இருந்தார்கள். பல்கலைக்கழகம் போகவேண்டியவர்கள் ரொறன்ரோவிலே தொழிற்சாலைக்குப் போனார்கள். ஆசிரியையாக வேண்டியவர்கள் லண்டனிலே முதியோர் இல்லங்களில் இரவு வேலை செய்தார்கள். “நான் எனக்குரிய அழைப்பைத் தவறவிட்டேனா?” என்ற கேள்வி அவர்களுக்கு வெறும் பேச்சுப் பொருளல்ல. போர் கடவுளின் சித்தம் என்று சொல்லி அந்தக் காயத்தை மூடிவிட நாம் துணியமாட்டோம். இழந்தது இழப்புத்தான். ஆனால் இரவு இரண்டு மணிக்கு அந்நியரான ஒரு முதியவரின் படுக்கையை மாற்றி, அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கைபிடித்து இருந்த அந்தப் பெண், கிறிஸ்து எங்கே நின்றாரோ அங்கேதான் நின்றாள்.

அப்படியானால் அழைப்பை அறிந்துகொள்வது எப்படி? சிறுவன் சாமுவேலின் கதை நமக்குத் தெரியும். குரல் கேட்டது அவனுக்கு. அது யாருடைய குரல் என்று விளங்கியது கண் மங்கிய முதியவரான ஏலிக்கு. மூன்றுமுறை பிள்ளை ஓடிவந்த பிறகே ஏலிக்கும் விளங்கியது. தனியே இருந்து அழைப்பை அறிவது கடினம். ஜெபம் வேண்டும், வேதவாசிப்பு வேண்டும், நம்மை நன்கு அறிந்த ஒருவரின் நேர்மையான வார்த்தையும் வேண்டும். நமக்குப் புகழ் வராவிட்டாலும் இதைச் செய்வோமா? இதனால் யாருடைய சுமை குறைகிறது? இன்று நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் கடமை எது? இக்கேள்விகளுக்கு உண்மையாகப் பதில் சொன்னால் அடுத்த அடியாவது தெரியும். முழுப் பாதையும் தெரிவது அரிது. எட்டு வயது எலைசாவுக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

நம்முடைய ஆசிரியைகளில் யாரோ ஒருவர் ஒருநாள், “உனக்கு இது வரும், செய்” என்று சொன்னபடியால்தான் நாம் துணிந்தோம். இப்போது ஏலியின் வயது நமக்கு வந்திருக்கிறது. நூற்றாண்டு நிதிக்கு நாம் கொடுப்பது நல்லது, கட்டடமும் தேவை. அதனோடு, இன்று விடுதியிலும் வகுப்பறையிலும் இருக்கும் பிள்ளை ஒருத்தியையாவது பெயரோடு அறிந்து, அவளிடத்தில் நாம் காணும் வரத்தை அவளிடமே சொல்வோம். வெளிநாட்டில் இருப்பவர்கள் கடிதம் எழுதலாம், தொலைபேசியில் பேசலாம். அவள் இரவில் எழுந்து ஓடிவந்தால், எரிந்து விழாமல் கேட்பதற்கு நாம் விழித்திருப்போமாக.

அழைத்தவர் உண்மையுள்ளவர். அவர் நம் எல்லோரையும் ஆசீர்வதிப்பாராக.