ஓவன் இல்லை, கேஸ் இல்லை: கையால் ஒரு தீபாவளி ஸ்வீட் பாக்ஸ்

தீபாவளிக்கு இன்னும் மூணு வாரம்கூட இல்ல. போன எபிசோடுக்கு அப்புறம் வந்த வாய்ஸ் நோட்டுகள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "பி.ஜி.ல இருக்கேன் ப்ரோ, ஓவன் கிடையாது, கேஸ் கிடையாது. ஆபீஸ்ல நாலு பேருக்கு, பக்கத்து ரூம்ல நாலு பேருக்குக் கையால ஏதாவது ஸ்வீட் செஞ்சு கொடுக்கணும். முடியுமா?" முடியும். இன்னைக்கு முழுக்க அதைத்தான் பேசப் போறோம்.

"நோ பேக்"னு தேடினா ஏதோ புதுக் கண்டுபிடிப்பு மாதிரி வீடியோ வருது. பிஸ்கட்டை நொறுக்கு, சாக்லேட்டை உருக்கு, ஃப்ரிட்ஜ்ல வை. நல்லாதான் இருக்கு. ஆனா யோசிச்சுப் பாருங்க, நம்ம பாட்டிங்க யாரு ஓவனைப் பார்த்தாங்க? மாலாடு, ரவா லட்டு, எள்ளுருண்டை, கடலை உருண்டை, தேங்காய் பர்பி, பொரிவிளங்காய் உருண்டை, இது எதுக்கும் ஓவன் வேணாம். அதனால நம்ம கேள்வி ஓவனைப் பத்தினது இல்ல. அடுப்பு எவ்வளவு நேரம் வேணும், செஞ்சது எத்தனை நாள் தாங்கும், இந்த ரெண்டும்தான்.

ரெகுலரா கேக்குறவங்களுக்குத் தெரியும், நான் கும்மிடிப்பூண்டிக்காரன். சென்ட்ரல்ல புறநகர் ரயில் ஏறினா எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டி, ஒண்ணே கால், ஒண்ணரை மணி நேரத்துல எங்க ஊர். சிப்காட் ஊர். இரும்பு உருக்குற கம்பெனியில இருந்து கெமிக்கல் வரைக்கும் எல்லாம் இருக்கு. எங்க அப்பா 14 வருஷம் ஒரு ரோலிங் மில்லுல கான்ட்ராக்ட் ஆளா வேலை பார்த்தார். எந்தக் கம்பெனின்னு சொல்ல மாட்டேன், அது இங்க முக்கியமும் இல்ல.

அங்க தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுப்பாங்க. பெர்மனென்ட் ஆளுங்களுக்கு ஒரு கிலோ, நெய் ஸ்வீட், கூடவே ஒரு பட்டாசு கிஃப்ட் பாக்ஸ். கான்ட்ராக்ட் ஆளுங்களுக்குக் கால் கிலோ, கலர் பூந்தி லட்டும் மிக்சரும். ரெண்டு பாக்ஸும் ஒரே கேட்டுல, ஒரே நாள், ரெண்டு வரிசையில கொடுப்பாங்க. போனஸுக்கு 1965-லேயே சட்டம் வந்துடுச்சு, இப்ப குறைந்தபட்சம் 8.33 சதவீதம்னு கணக்கு இருக்கு. ஸ்வீட் பாக்ஸுக்கு அப்படி எந்தக் கணக்கும் கிடையாது. யார் எந்த வரிசைன்னு ஊருக்கே காட்டுறதுதான் அதோட வேலைன்னு எனக்குத் தோணும். அப்பா அந்தக் கால் கிலோவை வீட்டுக்குக் கொண்டு வந்ததும் அம்மா உடனே ஒரு தட்டுல கொட்டிட்டு, அட்டைப் பெட்டியைக் கிழிச்சுக் குப்பையில போட்டுடுவாங்க. ஏன்னு நாங்க கேட்டதில்ல.

இப்ப எங்க தெருவுக்குப் பின்னாடி லைன் வீடுங்க இருக்கு. ஒரு ரூமுக்கு அஞ்சு பேர், ஆறு பேர். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்காளப் பசங்க. எல்லாம் கான்ட்ராக்ட். சத் பூஜைக்கு ஊருக்குப் போகணும்னு லீவைச் சேர்த்து வைக்கிறவன் தீபாவளிக்கு ஷிஃப்ட்ல இருப்பான். போன வருஷம் அந்த லைனுக்குப் பாக்ஸ் செஞ்சு கொடுக்கலாம்னு நானும் என் சித்தப்பா பையனும் முடிவு பண்ணோம். ரூமுக்கு ஒண்ணு இல்ல, ஆளுக்கு ஒண்ணு. எண்ணிப் பார்த்தா 34 பேர். எல்லாருக்கும் ஒரே சைஸ், ஒரே ஸ்வீட்.

சரி, அந்த ஸ்வீட் என்னன்னா மாலாடு. சிலர் மாவு லட்டு, பொட்டுக்கடலை உருண்டைன்னு சொல்வீங்க. பி.ஜி. மக்களுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரிஞ்சு இல்ல. ஏன்னா பொட்டுக்கடலை ஏற்கனவே வறுத்த சாமான். வேக வைக்கிற வேலையைக் கடைக்காரரே முடிச்சுக் கொடுத்துட்டார். நமக்கு மிச்சம் அரைக்கிறது, சலிக்கிறது, நெய் ஊத்துறது.

அளவு சொல்றேன். அரை கிலோ பொட்டுக்கடலை, 400 கிராம் சர்க்கரை, 225 மில்லி நெய், ஆறு ஏலக்காய். பொட்டுக்கடலை நமுத்திருந்தா வாணலியில ரெண்டு நிமிஷம் லேசா சூடு காட்டுங்க. வாணலி இல்லையா, மதியம் வெயில்ல தட்டுல காய வைங்க. அப்புறம் மிக்சியில நைஸா அரைச்சுச் சலிக்கணும். சலிக்கிறதை விட்டுடாதீங்க, சொல்றேன் ஏன்னு. சர்க்கரையையும் ஏலக்காயையும் சேர்த்து இன்னொரு ரவுண்டு பவுடர். ரெண்டையும் கலந்து, நெய்யைச் சூடா, கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி, கை பொறுக்குற சூட்டுல அழுத்திப் பிடிக்கணும். எலுமிச்சம்பழத்தைவிடச் சின்னதா பிடிச்சா 40 உருண்டை வரும்.

கேஸ் இல்லாதவங்க நெய்யை எப்படிச் சூடு பண்றது? கெட்டில்ல தண்ணி கொதிக்க வைங்க. ஒரு கிண்ணத்துல அந்தத் தண்ணியை ஊத்தி, நடுவுல நெய் டம்ளரை வைங்க. அஞ்சு நிமிஷத்துல நெய் முழுக்க உருகிடும். வாணலியில காய்ச்சின நெய்யோட வாசம் இதுல வராதுதான். ஆனா உருண்டை நல்லாவே நிக்கும். தண்ணி மட்டும் ஒரு சொட்டுகூட நெய்க்குள்ள போகக் கூடாது.

இதுல பாகு கிடையாது, பிடிச்சு வைக்கிறது நெய் மட்டும்தான். மாவு எவ்வளவு நைஸா இருக்கோ அவ்வளவு நெய் அதுல ஊறும், ஆறினதும் இறுகி உருண்டையைப் பிடிச்சுக்கும். மாவு கரகரன்னு இருந்தா நெய் மேலயே நிக்கும், உருண்டை மறுநாள் விரிசல் விடும். நிறைய பேர் அப்ப இன்னும் கொஞ்சம் நெய் ஊத்துவாங்க. அது பிரச்சனையைச் சரி பண்ணாது, உருண்டை தட்டையா உட்கார்ந்துடும். திரும்பச் சலிச்ச மாவு கொஞ்சம் சேர்த்துப் பிசைஞ்சு பிடிங்க.

எங்க ஊர்ல இருந்து ஆரம்பாக்கம் தாண்டினா ஆந்திரா. எங்க தெருவுலயே பாதி வீட்டுல தெலுங்குதான். அவங்க சுன்னுண்டலு செய்வாங்க. அதே கணக்குதான், பொட்டுக்கடலைக்குப் பதில் வறுத்த உளுந்து, சர்க்கரை இல்லன்னா வெல்லம். உளுந்தை நிதானமா சிவக்க வறுக்கணும்ங்கிறதால அடுப்பு கண்டிப்பா வேணும். எனக்கு மாலாடைவிட அதுதான் பிடிக்கும், அம்மாகிட்ட சொல்லிடாதீங்க.

சாக்லேட் பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க. உருக்கி அச்சுல ஊத்தினா முடிஞ்சதுன்னு நினைக்கிறீங்க. கொக்கோ வெண்ணெய் 34 டிகிரி பக்கத்துல உருகிடும். அதனாலதான் வாயில வெச்சதும் கரையுது. மதியம் புறநகர் ரயில்ல பேக்கை மடியில வெச்சுக்கிட்டுப் போனாலும் அதேதான் நடக்கும். கடையில காம்பவுண்டுன்னு கிடைக்கிறதுல கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேற தாவரக் கொழுப்பு, அது கொஞ்சம் தாங்கும், ருசி கம்மி. கிறிஸ்துமஸுக்குச் செய்றவங்க டிசம்பர்ல தைரியமா பண்ணுங்க. தீபாவளிக்கு நான் வேணாம்னுதான் சொல்வேன்.

இண்டக்‌ஷன் அடுப்பு இருக்கிறவங்களுக்குப் பாகு. எல்லாரும் பயப்படுற இடம் இது. பாகுப் பதம்னு பாட்டிங்க சொல்றது உண்மையில ஒரு அளவு, பாகுல எவ்வளவு தண்ணி மிச்சம் இருக்குங்கிற அளவு. தண்ணி குறையக் குறையச் சூடு ஏறும். சர்க்கரைப் பாகு 115 டிகிரி பக்கம் வந்தா உருட்டுப் பதம், அப்ப கிட்டத்தட்ட 85 சதவீதம் சர்க்கரை. 150-ஐத் தொட்டா தண்ணி ஏறக்குறைய இல்லவே இல்ல, ஆறினா கண்ணாடி மாதிரி உடையும். தெர்மாமீட்டர் வாங்க வேணாம். கிண்ணத்துல பச்சைத் தண்ணி வெச்சு ஒரு சொட்டு விடுங்க. கையில உருட்ட வந்தா ஒரு பதம். எடுத்துத் தட்டுல போட்டா டங்குனு சத்தம் வந்தா இன்னொரு பதம். கடலை உருண்டைக்கு அந்தச் சத்தம் வரணும், இல்லன்னா பல்லுல ஒட்டும். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. அங்க அந்தப் பதத்தைக் கண்ணால பார்த்தே எடுக்கிற மாஸ்டருங்க இருக்காங்க. நமக்குச் சத்தம் போதும்.

பாகுலயே கொஞ்சம் வேற மாதிரி ஒண்ணு இருக்கு. எங்க ஊர்ல இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கு. 2021 வரைக்கும் அகதிகள் முகாம்னுதான் அரசாங்கமே எழுதிச்சு. அங்க இருக்கிற ஒரு அக்கா பால் ரொபி செய்வாங்க. டாஃபிதான், அவங்க ஊர்ல ரொபி. வருஷப் பிறப்பு, தீபாவளி, கிறிஸ்துமஸ் எதுக்கும் செய்வாங்களாம். ஒரு டின் கண்டென்ஸ்டு மில்க், அரை கிலோ சர்க்கரை, அரை கப் தண்ணி, ரெண்டு ஸ்பூன் வெண்ணெய், ஒரு கை நறுக்கின முந்திரி, கடைசியில வெனிலா. அவங்க சீனி, கஜுன்னு சொல்வாங்க. சர்க்கரை முழுசா கரைஞ்ச பிறகு மில்க்கை ஊத்தணும். அப்புறம் சின்னத் தீயில 25, 30 நிமிஷம். "தம்பி, கை விடாமல் கிண்டோணும், ஃபோன் அடிச்சாலும் எடுக்கப்படாது"ன்னு என்னைப் பார்த்து ஸ்பெஷலா சொன்னாங்க. பாத்திர ஓரத்தை விட்டுத் திரண்டு வந்ததும் வெண்ணெய் தடவின தட்டுல கொட்டி, சூடு இருக்கும்போதே கத்தியால கோடு போட்டுடணும். ஆறின பிறகு வெட்டினா நொறுங்கும். நல்லா இறுகினதை ஒவ்வொண்ணா பட்டர் பேப்பர்ல சுத்தினா ரெண்டு வாரம் தாராளமா இருக்கும். கூரியர்ல அனுப்பணும்னா இதுதான்.

எங்க 34 பாக்ஸுக்குத் திரும்ப வர்றேன். ஆளுக்குக் கால் கிலோ மாலாடு. 4 கிலோ பொட்டுக்கடலை, ரெண்டு லிட்டருக்குக் கொஞ்சம் கம்மியா நெய். பாக்ஸோட சேர்த்து ஒண்ணுக்கு 65 ரூபாய் சொச்சம் ஆச்சு. அதே எடையில கடை நெய் ஸ்வீட் வாங்கியிருந்தா ரெண்டு மடங்குக்கு மேல ஆகியிருக்கும். அட்டைப் பெட்டி வேணாம், மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பாவா வாங்குன்னு அம்மா சொல்லிட்டாங்க. அப்பா கூட உட்கார்ந்து உருண்டை பிடிச்சார். நிறுக்கிற வேலையும் அவரே எடுத்துக்கிட்டார். ஒவ்வொரு டப்பாவையும் தராசுல வெச்சு, ஒரு கிராம் கூடக் குறைய இல்லாம. நான் போதும்ப்பான்னு சொன்னதுக்கு நிமிர்ந்துகூடப் பார்க்கல.

கொடுக்கப் போனப்ப எனக்கு ஒரு கூச்சம் இருந்தது. நாம தானம் பண்ற மாதிரி ஆயிடுமோன்னு. பசங்க வாங்கிக்கிட்டாங்க, சிரிச்சாங்க, அவ்வளவுதான். மறுநாள் சாயங்காலம் ரெண்டு பசங்க எங்க வீட்டுக் கதவைத் தட்டினாங்க. வங்காளப் பசங்க. அவங்களுக்குக் காளி பூஜை. கையில நாங்க கொடுத்த டப்பாவுலயே நாலஞ்சு, உள்ள நிறைய நாரு. தேங்காயையும் வெல்லத்தையும் வாணலியில சுருள வதக்கி, கையில நெய் தடவி உருட்டுறது. நம்ம தேங்காய் உருண்டைதான். அவங்க ஊர்ல துர்கா பூஜை முடிஞ்சு யார் வீட்டுக்கு வந்தாலும் அதைத்தான் முதல்ல நீட்டுவாங்களாம். காலிப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாதுன்னு நம்ம வீட்டுல சொல்வாங்க இல்லையா, அவங்க வீட்டுலயும் சொல்லியிருக்காங்க. கம்பெனி பாக்ஸை அப்படி யாரும் நிரப்பித் திருப்பிக் கொடுக்க முடியாது. அம்மா அந்த டப்பாக்களைக் கழுவி, கிச்சன் அலமாரியில வெச்சிருக்காங்க. இந்த வருஷம் அதுலதான் கொடுக்கப் போறோம்.

தேங்காய் சமாச்சாரத்துல மட்டும் கவனம். நாருவோ தேங்காய் பர்பியோ ஈரம் உள்ள பண்டம். வெளியில ரெண்டு நாள், ஃப்ரிட்ஜ்ல ஒரு வாரம், அதுக்கு மேல வேணாம். மாலாடுல தண்ணியே கிடையாது, காத்துப் புகாத டப்பாவுல ரெண்டு, மூணு வாரம் தாங்கும். ஈரக் கை மட்டும் படக் கூடாது. டப்பா மேல செஞ்ச தேதியை எழுதுங்க. கடலை, முந்திரி, எள்ளு இருந்தா அதையும் எழுதுங்க, ஒவ்வாமை இருக்கிறவங்க கேக்கக் கூச்சப்படுவாங்க. அப்புறம், கிஃப்ட்டா கொடுக்கிற வரைக்கும் சரி. வாட்ஸ்அப் குரூப்ல ஆர்டர் எடுத்து விக்க ஆரம்பிச்சா, வீட்டுக் கிச்சனா இருந்தாலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு எடுக்கணும். ஆன்லைன்லயே பண்ணலாம்.

இந்த வருஷம் லைன்ல 41 பேர். மிக்சி தாங்காது, மாவு மில்லுக்குத்தான் போகணும். நீங்களும் கிலோ கணக்குல அரைக்கிறதா இருந்தா, உங்களுக்கு முன்னாடி அந்த மெஷின்ல யாரு என்ன அரைச்சாங்கன்னு கேட்டுக்கோங்க. பச்சரிசிக்கு அப்புறம் நம்ம டர்ன் வந்தா ஓகே. மிளகாய்த்தூளுக்கு அப்புறம்னா தயவுசெஞ்சு வீட்டுக்குப் போயிட்டு நாளைக்கு வாங்க. அடுத்த வாரம் பேசலாம், பை.