மலையில் கட்டிய வயலும் வயலில் வாழ்ந்த காவியமும்



வரம்பின் உயர்வைக் கொண்டு நாட்டின் உயர்வை வாழ்த்தியவர் ஔவையார் என்பர். நமது சமவெளி வயல்களில் வரம்பு முழங்காலைத் தாண்டுவதில்லை. ஆனால், வரம்பே ஆளுயரத்துக்கு மேல் எழுந்து நிற்கும் வயல்களும் உலகில் உண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டிலே, லூசோன் தீவின் வடக்கில் உள்ள கோர்டில்லேரா மலைகளில், இஃபுகாவோ மக்கள் அமைத்த படிமுறை வயல்கள் அத்தகையவை. அவ்வயல்களைப் பற்றியும், அவற்றில் பாடப்பட்டு வந்த வாய்மொழிக் காவியம் ஒன்றைப் பற்றியும் இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1500 மீற்றர் உயரம் வரை இவ்வயல்கள் ஏறிச் செல்கின்றன. கல்லும் களிமண்ணும் கொண்டு கட்டிய சுவர்களே இவற்றின் வரம்புகள். வயல்களுக்கு மேலே, மலையுச்சியில், ஒவ்வொரு குடும்பமும் பேணி வரும் காடு இருக்கின்றது. அதனை அவர்கள் 'மூயோங்' என்பர். மழைநீரைத் தேக்கி வைப்பது அந்தக் காடு. அங்கிருந்து கசியும் நீர் வாய்க்கால் வழியே மேல்வயலை நிரப்பி, பின் அடுத்த வயலுக்கு இறங்குகின்றது. மேலே ஒருவன் சுவரைக் கவனியாது விட்டால், கீழே உள்ளவனின் வயலும் சேர்ந்து அழியும். ஆகவே, இவ்வயல்கள் தனி ஒருவரின் உழைப்பால் நிற்பவை அல்ல.

இவற்றின் வயது பற்றி ஒரு விவாதம் உண்டு. ஓட்லி பேயர், றோய் பார்ட்டன் போன்ற முன்னைய ஆய்வாளர்கள் இவை 2000 ஆண்டுகளுக்கு மேற்பட்டவை என்று கருதினர். பாடநூல்களும் சுற்றுலாக் கையேடுகளும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லின. ஆனால், ஸ்டீபன் அக்காபாடோ என்னும் தொல்லியலாளரும் அவரது குழுவினரும் அண்மைக் காலத்தில் நடத்திய அகழ்வாய்வுகள் வேறொரு கதையைக் கூறுகின்றன. அங்கே முன்னர் பயிரிடப்பட்டது சேப்பங்கிழங்கு. நீர் தேக்கிய நெல் வயல்கள் பெருகியது ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன்னர்தான் என்பது அவர்களது முடிவு. ஸ்பானியர் பள்ளத்தாக்குகளுக்குள் நுழைந்த காலம் அது. மலைக்குள் ஒதுங்கிய மக்கள் நெல்லை விளைவித்து, அந்த உழைப்பினாலேயே ஒரு சமூகமாக இறுகி நின்றனர் என்று அவர் விளக்குகின்றார்.

பழமை குறைந்தால் பெருமை குறையுமோ? பழமையையே பெருமையாக எண்ணிப் பழகிய நமக்கும் இக்கேள்வி பொருந்தும். எனக்கோ இந்தப் புதிய கணக்கு அம்மக்களின் மதிப்பை உயர்த்துவதாகவே படுகின்றது. இரண்டாயிரம் ஆண்டுகள் மெல்ல மெல்லக் கட்டியதை விட, பகைவன் வாசலில் நின்ற வேளையில் சில தலைமுறைகளுக்குள் ஒரு மலையையே வயலாக்கியது பெருஞ்செயல் அல்லவா?

இனிக் காவியத்துக்கு வருவோம். அதன் பெயர் 'ஹுட்ஹுட்'. விதைப்புக் காலத்திலும் அறுவடையிலும் இழவு வீட்டிலும் இது பாடப்படுகின்றது. பெரும்பாலும் மூத்த பெண் ஒருத்தி முன்பாட, மற்றவர்கள் சேர்ந்து பின்பாடுவர். இருநூறுக்கும் மேற்பட்ட கதைகள் உள்ளன. ஒன்றை முழுமையாகப் பாடி முடிக்கப் பல நாட்கள் செல்லும். அவற்றுள் புகழ்பெற்ற கதையின் நாயகன் அலிகுயோன். தன் பகைவன் பும்பாக்காயோனுடன் அவன் ஆண்டுக்கணக்கில் போரிடுகின்றான். எவரும் வெல்லவில்லை. இறுதியில் ஒருவர் திறமையை மற்றவர் மதித்துச் சமாதானம் செய்து, ஒருவர் சகோதரியை மற்றவர் மணந்துகொள்கின்றனர். வெற்றியில் முடியும் வீரகாவியங்கள் பல உண்டு. சமநிலையில் முடிந்து உறவாக மலரும் இக்கதையை, கதிர் அறுக்கும் பெண்கள் தம் வாயில் காத்து வந்தனர் என்பது சிந்திக்கத்தக்கது.

இவ்வயல்களை யுனெஸ்கோ 1995ஆம் ஆண்டு உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் 2001இலேயே அவை அழிவை எதிர்நோக்கும் மரபுரிமைகளுள் வைக்கப்பட்டன. 2012இல்தான் அதிலிருந்து நீக்கப்பட்டன. காரணம் எளிது. அங்கு விளையும் மரபு நெல்லுக்கு ஆண்டில் ஒரு போகமே. அதைக் கொண்டு பிள்ளைகளின் படிப்புச் செலவைச் சமாளிக்க முடிவதில்லை. இளைஞர் நகரங்களுக்குச் சென்றனர். சிலர் உல்லாசப் பயணிகளுக்கு வழிகாட்டிகளாகவும் மரச் சிற்பிகளாகவும் ஆயினர். கவனிப்பாரற்ற சுவர்கள் சரிந்தன. கையால் அறுக்கும் வழக்கம் குறைய, பாட்டுக்குரிய வேளையும் குறைந்தது.

நேயர்களே, இது தூரதேசத்துச் செய்தி மட்டுமன்று. மட்டக்களப்புக் களவெட்டியில் மாடுகளைக் கொண்டு சூடு மிதித்த காலத்தில் பொலிப்பாட்டு ஒலித்தது. உழவு இயந்திரம் வந்தபின் அதன் இரைச்சலே மிஞ்சியது. ஆயினும் நமது மலைநாடு இன்னொரு பாடத்தைத் தருகின்றது. அங்கே கோப்பிச் செடிகளில் 1869இல் இலைநோய் கண்டது. பின்னர் கோப்பி அழிந்து, அதே சரிவுகளில் தேயிலை வந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும், மலையக மக்களின் நாட்டார் பாடல்களில் கோப்பி மரம் இன்னமும் நிற்கின்றது. பயிர் போயும் பாட்டு நின்றது எப்படி? பாடியவர்களின் பிள்ளைகள் அந்த மலையிலேயே வாழ்ந்தார்கள்.

ஆகவே, பயிர் மாறுவது அழிவன்று. சேப்பங்கிழங்கு போய் நெல் வந்தது போல, நெல்லின் இடத்தில் நாளை மரக்கறியும் வரலாம். மனிதர் வெளியேறுவதே அழிவு. படிமுறை வயலின் அழகை மெச்சுகின்ற நாம், அதே வயலில் முதுகு வளைப்பவரின் வருவாயைப் பற்றியும் கேட்கக் கடமைப்பட்டவர்கள். அவரது அடுப்பில் உலை கொதித்தால்தான் சுவரும் நிற்கும்; பாட்டும் நிற்கும்.